நாய்க்கு எதற்கு மரியாதை?

ஆசிரியருக்கு வணக்கம்.

வகுப்பில் என் பேத்தி 'நாய் வந்துச்சுங்க' என்றாளாம். 'நாய்க்கு எதற்கு மரியாதை?' என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்த 'ங்க' நாய்க்கு அல்ல, கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியைக்கு! 'இல்லீங்க', 'நாளைக்குங்க' என்று கொங்குப் பேச்சில் எந்தச் சொல்லோடும் அது ஒட்டும். 'வாங்க'வில் வருகிற 'ங்க' வேறு; அது வருகிறவருக்கான மரியாதை. தப்பென்று திருத்தும் முன், எது எங்கே வருகிறது என்று பிள்ளைகளையே கவனித்து எழுதச் சொல்லலாமே? அதுவும் இலக்கணப் பாடம்தான். தேர்வுக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், சரி. ஆனால் தொல்காப்பியப் பாயிரமே செய்யுளோடு மக்கள் வழக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊராகச் சொல்லப்படும் சீனாபுரம்கூட எங்களுக்குப் பக்கம்தானுங்க.

ஒரு வாசகர்,
பெருந்துறை.