புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு முதல் வாரம் யாரு பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துல இளநிலை உதவியாளரா சேர்ந்து, உதவியாளர், கண்காணிப்பாளர்னு படிப்படியா வந்து ரிட்டையர் ஆனவன். பல்கலைக்கழகம்னாலே துணைவேந்தர் நியமனம், நிதி நெருக்கடி, பேராசிரியர் காலியிடம் இதெல்லாம் உங்க பத்திரிகையில வருது, வரவும் வேணும். ஆனா அட்மின் பில்டிங்ல புதுசா ஒரு பிள்ளை வேலைக்கு வந்தா அதோட முதல் நாள் எப்படி போகுதுன்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. அதான் இந்த லெட்டர்.

நான் எஸ்டாப்ளிஷ்மென்ட்ல, அதாவது ஊழியர்களோட வேலை விஷயத்தைப் பாக்குற பிரிவுல இருந்தப்ப ஒரு பொண்ணு கருணை அடிப்படை வேலை ஆர்டரோட வந்துச்சு. அப்பா எங்ககூட வேலை பாத்தவரு, சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டாரு. காலைல ஒன்பதரைக்கே வந்துருச்சு, கையில ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ள ஒரிஜினல் சர்டிபிகேட், டாக்டர்ட்ட வாங்குன ஃபிட்னஸ், ரெண்டு செட் ஜெராக்ஸ். பணியேற்பு அறிக்கையில, காலைல சேர்ந்ததைக் காட்ட "முற்பகல்"னு போடணும்னு அதுக்கு தெரியல, தேதி மட்டும் போட்டு குடுத்துச்சு, அதுக்கு ஒருத்தர் சத்தம் போட்டாரு, திரும்ப எழுதுச்சு. பெஞ்சுல உக்காரும்மா கூப்பிடுறோம்னு சொன்னோம், மூணு மணி வரைக்கும் அந்தப் பெஞ்சுலயே இருந்துச்சு. போறவங்க வர்றவங்க எல்லாரும் "நீ அவரு பொண்ணாம்மா?"னு கேட்டாங்களே தவிர, சாப்பிட எங்க போகணும், பாத்ரூம் எந்தப் பக்கம்னு ஒருத்தர் சொல்லல, நானும் சொல்லல. மறுநாள் செக்‌ஷன்ல போட்டாங்க, அங்க உக்கார சேர் இல்ல, லீவுல இருந்த இன்னொருத்தர் சேர்ல உக்கார வச்சாங்க, அவரு வந்ததும் எழுப்பி விட்டாங்க. கண்காணிப்பாளர் அதுகிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "பழைய ஃபைலை எடுத்துப் படிச்சுப் பாரு".

அதே வார்த்தையைத்தான் நானும் சூப்பிரண்டு ஆன புதுசுல ஒரு தம்பிகிட்ட சொன்னேன். ஒரு வாரம் பழைய ஃபைலைப் பொரட்டுனான், பத்தாவது நாள் ஆள் இல்லன்னு அவனைத் தூக்கி கவுன்டர்ல உக்கார வச்சோம். அன்னிக்கு ஒரு பெரியவர் மகனோட டிகிரி சர்டிபிகேட்டுக்காக விடியக்காலை பஸ் ஏறி வந்திருக்காரு. மகன் வெளிநாட்டுல வேலைல இருக்கான், பட்டமளிப்பு விழாவுக்கு வரல. அதுக்கு தனி ஃபார்ம், தனி ஃபீஸ், கூடவே மகன் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் வேணும். இவனுக்கு எதுவும் தெரியாது, பக்கத்து பில்டிங் போங்கன்னுட்டான், அவங்க இன்னொரு இடம் காட்டுனாங்க, அலைஞ்சு திரும்பி வரும்போது கவுன்டர் மூடியாச்சு. பெரியவர் படியில உக்காந்து தண்ணி குடிச்சுட்டு இருந்தாரு, நான் டீ குடிக்க எறங்கும்போது பாத்தேன். தம்பி மேல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல. அவனுக்கு சொல்லித்தர வேண்டியவன் நான், சொல்லித்தரல, அவ்வளவுதான் விஷயம்.

அதுக்கப்புறம் எனக்குன்னு ஒரு வழக்கம் வச்சுக்கிட்டேன். புது ஆள் வந்த ரெண்டாம் நாள், அன்னிக்கு தபால்ல வந்த ஏதாவது ஒரு விண்ணப்பத்தை அவங்க கையில குடுத்து அது பின்னாடியே நடக்க விடுவேன். ஒரு பையனோட டிகிரி நிஜம்தானான்னு உண்மைத்தன்மை சான்று கேட்டு ஏதோ ஒரு கம்பெனியில இருந்து லெட்டர் வந்திருக்குன்னு வைங்க. தபால் செக்‌ஷன்ல நம்பர் போடுறத பாக்கணும், பகிர்மானப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கணும், தன்பதிவேட்டுல, அதாவது தன்கிட்ட வந்த தபாலை எழுதி வைக்கிற நோட்டுல ஏத்தணும், பணம் கட்டுன சலான் சரியான்னு ஃபைனான்ஸ்ல கேக்கணும், தேர்வுப் பிரிவுக்குப் போயி பழைய ரிஜிஸ்தர்ல அந்தப் பையன் பதிவெண்ண தேடணும், குறிப்பு எழுதி கையெழுத்துக்கு வச்சு, திரும்ப வாங்கி, வரைவு, தூய நகல், டெஸ்பேட்ச்ல கவர் ஒட்டுற வரைக்கும் அவங்களே கூட போகணும். ரெண்டு மூணு நாள் ஆகும், ஆகட்டும். இதுல எல்லா செக்‌ஷன்லயும் ரெண்டு முகம் தெரிஞ்சிரும், எந்த மேஜையில எதுக்கு லேட் ஆகுதுன்னும் புரிஞ்சிரும். ரெக்கார்ட் ரூம் அண்ணன்கிட்ட பேசி பழகிட்டாலே பாதி வேலை கத்துக்கிட்ட மாதிரி, ஏன்னா எந்த வருஷத்து ரிஜிஸ்தர் எந்த ரேக்ல இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபைலை மூடுறது பத்தியும் ஒரு வார்த்தை. ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு.னு போடுறோமே, அது வெறும் எழுத்து இல்ல, அந்த ஃபைல் ஒரு வருஷம் இருக்கணுமா, மூணு வருஷமா, பத்து வருஷமா, நிரந்தரமான்னு முடிவு பண்றது. ஒருத்தரோட டிகிரி சம்பந்தப்பட்ட ஃபைலைத் தெரியாம ஓ.மு.னு மூடிட்டா ஒரு வருஷம் கழிச்சு அது கழிவுக் காகிதத்தோட போயிரும், அந்த மாணவர் பல வருஷம் கழிச்சு வந்து நின்னா நாம என்ன பதில் சொல்றது? அதே மாதிரி ஆர்.டி.ஐ. மனு, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 2005 சட்டப்படி 30 நாளைக்குள்ள பதில் போகணும்னு புதுசா வந்தவங்களுக்கு யாரும் சொல்லாததால மத்த தபாலோட சேத்துக் கட்டி வச்சு, கெடு தாண்டின பிறகு எடுத்ததை நானே பாத்திருக்கேன்.

இன்னொண்ணு இதைவிட சீரியஸ். புது ஆளுக்கு லாகின் வர்ற வரைக்கும் சீனியரோட பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்து வேலை வாங்குறது. அதுவும் தேர்வுப் பிரிவுல! மார்க் என்ட்ரியில ஒரு நம்பர் மாறிப்போனா யார் போட்டதுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க, சீனியரும் மாட்டுவாரு, அந்தப் பிள்ளையும் மாட்டும். ஆர்டர் போட்ட அன்னைக்கே லாகினுக்கும் எழுதிப் போட்டா இந்த நெலமையே வராது. சொந்தக்காரங்க யாராவது நம்ம பரீட்சை எழுதுறாங்களான்னு புது ஆள்கிட்ட முதல் வாரமே எழுதி வாங்கிருங்க, பின்னாடி கேட்டா சந்தேகப்படுற மாதிரி ஆயிரும்.

அவங்க சொந்த விஷயமும் நம்ம பொறுப்புதான்னு நான் நினைக்கிறேன். 2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் வேலைக்கு வந்தவங்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம்னு, மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிற திட்டம் வந்துச்சு, அதுக்கு தனி நம்பர் வாங்க வேண்டியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அந்த நம்பர் பல மாசம் வரல, வந்தப்புறம் நிலுவைப் பிடித்தம், மாசப் பிடித்தம்னு ரெண்டும் சேந்து சம்பளத்துல போச்சு, வீட்டு வாடகை குடுக்க கஷ்டப்பட்டாரு. திட்டம் எதுவா இருந்தாலும் நம்பர் வாங்குற வேலை முதல் மாசமே முடியணும், அதுக்கு புது ஆளே போய் நிக்கிற மாதிரி இருக்கக்கூடாது, கண்காணிப்பாளர் போன் போட்டு கேக்கணும். தகுதிகாண் பருவம், அதான் புரொபேஷன், எங்க விதிப்படி தொடர்ச்சியா மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கணும், இடையில நீண்ட லீவு எடுத்தா தள்ளிப்போகும். துறைத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. மே, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது, ஒரு தடவை விட்டா ஆறு மாசம் போச்சு. இதையெல்லாம் கேன்டீன்ல அரைகுறையா கேட்டுத் தெரிஞ்சுக்கிற நெலமை இருக்கக்கூடாது.

பெண் பிள்ளைங்க விஷயத்துல இன்னும் கவனம் வேணும். வேலை பாக்குற இடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்குற 2013 சட்டமும், அதே விஷயத்துக்கான 2015 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியும் உள்ளகப் புகார் குழு வைக்கச் சொல்லுது, நம்ம ஆளுங்க விசாகா கமிட்டின்னு சொல்றது அதுதான். குழுவுல யாரு இருக்காங்கன்னு எல்லாரும் பாக்குற இடத்துல போர்டு வைக்கணும். நான் பாத்த ஒரு ஆபீஸ்ல அந்த நோட்டீஸ் பீரோ கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருந்துச்சு. முதல் நாளே அந்தக் குழுத் தலைவரோட பேரையும் ரூம் நம்பரையும் சொல்லிருங்க, "ஏன் சார் இதைச் சொல்றீங்க"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க, மனசுக்குள்ள தைரியம்தான் வரும்.

தொகுப்பூதியத்துலயும் அவுட்சோர்சிங்லயும் வர்றவங்களை மறந்துறாதீங்க. இன்னிக்கு பல இடத்துல கவுன்டர்ல உக்காந்து மாணவர்கிட்ட பேசுறதே அவங்கதான். "அவங்க எத்தனை நாள் இருக்கப் போறாங்க"ன்னு சொல்லி எதுவும் கத்துக்குடுக்கறதில்ல, திட்டு மட்டும் அவங்களுக்குத்தான் விழுது. இது ரொம்ப அநியாயம்.

அரசுத் துறைகள்ல சேர்ற இளநிலை உதவியாளர்களுக்கு பவானிசாகர்ல அடிப்படைப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. நாங்க சேர்ந்தப்ப எங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கல. பதிவாளர்கள் மனசு வச்சா ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நாலு நாள் பயிற்சியாவது சொந்தமா நடத்தலாம், ரிட்டையர் ஆன எங்கள மாதிரி ஆளுங்களைக் கூப்பிட்டா காசு வாங்காம வந்து சொல்லித்தருவோம். கூடவே புது ஆள் வர்ற வாரத்துல அந்தக் கண்காணிப்பாளருக்கு தெனம் ஒரு மணி நேரமாவது வேற வேலை குடுக்காம விடணும். நாக் தரமதிப்பீட்டுக் குழு விசிட், செனட் கூட்டம், தணிக்கைன்னு அவரும் ஓடிக்கிட்டே இருந்தா எங்க உக்காந்து சொல்லித்தருவாரு?

இதைப் படிக்கிற கண்காணிப்பாளர் யாராவது இருந்து, திங்கக்கிழமை உங்க செக்‌ஷனுக்கு புது ஆள் வர்றாங்கன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒரு சேரும் மேஜையும் தொடச்சு வச்சுட்டு, லாகினுக்கு எழுதிப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. மதியம் அவங்களையும் கூப்பிட்டு உங்ககூட உக்கார வச்சு சாப்பிடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழகக் கண்காணிப்பாளர்