எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவு மனிதனை மிஞ்சிவிடுமோ என்ற கவலைதான் எங்கு பார்த்தாலும். கணினி பழுதுபார்ப்பவன் நான். எனக்குத் தெரிந்தது சூடு. போன வாரம் வந்த கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்தது. வைரஸ் என்றார் உரிமையாளர். திறந்தால், விசிறியில் பஞ்சு பஞ்சாகத் தூசி. கணினியின் மூளையான பிராசசர் மேல் தடவிய பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்து உதிர்ந்தது. பேஸ்ட் தானாக எதையும் குளிர்விப்பதில்லை. பிராசசருக்கும் மேலே உள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவிலுள்ள நுண்ணிய காற்று இடைவெளியை அடைக்கிறது, அவ்வளவே. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. பேஸ்ட் பட்டாணி அளவு போதும். பலர் வெண்ணெய் மாதிரி அப்பிவிடுகிறார்கள். சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும்.

மேசைக் கணினி பிராசசர்களில் பல 65 வாட் ரகம். செயற்கை நுண்ணறிவுக்கான என்விடியா நிறுவனத்தின் எச்100 சிப் ஒன்றே 700 வாட் வரை மின்சாரம் இழுத்துச் சூடாகும். இவற்றை ஆயிரக்கணக்கில் அடுக்கிய தரவு மையங்கள் பலவும் தண்ணீரை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கின்றன. இயந்திரம் யோசிக்குமா என்று கேட்பவர்கள், அது எவ்வளவு குடிக்கிறது என்றும் கேட்கலாமே! ஒவ்வொரு மையமும் எத்தனை லிட்டர் எடுக்கிறது என்ற கணக்கை வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

- கணினி பழுதுபார்க்கும் வாசகர்