கொளுத்தாதே மாப்ளே

மாப்ளே,

ஆடியில் பேசினது, இப்போது கார்த்திகை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சுகம், எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

நேற்று செவ்வாய்ப்பேட்டையில் உன் தம்பியைப் பார்த்தேன். வயசான காப்பிச் செடிகளைத் தூரோடு பிடுங்கிக் குவித்திருக்கிறாயாம், ஞாயிற்றுக்கிழமை கொளுத்தப் போகிறாயாம். கொளுத்தாதே! போன் போட்டால் மலையில் உனக்கு டவர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நீ எடுப்பதில்லை, அதனால்தான் இதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெந்நீர் அடுப்புக்கென்று நீ கொடுத்த காப்பிக் கட்டையில் ஒன்றைத் திருடி உளிக்குப் பிடி போட்டேன். தினமும் கொட்டாப்புளியால் அடி வாங்குகிறது, தலை இன்னும் பிசிறவில்லை. அதே உளிக்கு முன்பு போட்டிருந்த தேக்குப் பிடி ஆறே மாதத்தில் பிளந்தது. காப்பிக் கட்டையைச் சீவினால் வெண்ணெய் நிறம், இழை அவ்வளவு நெருக்கம், உப்புத்தாளை லேசாகத் தேய்த்தாலே மினுங்குகிறது. இதைப் போய் அடுப்பில் வைப்பார்களா?

என் அறையில் ஏற்கெனவே பட்டறைகளில் கழித்த துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. வேங்கை, பலா, வாகை, கையகலத்துக்கு ஈட்டி மரத்துண்டு ஒன்று. "ஒண்ணு கட்டை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்கிறாள் உன் தங்கச்சி. மோர் கடைய மத்து செய்து கொடுத்தேன், ஆடுகிற கட்டில் காலுக்கு ஆப்பு வைத்தேன், அலமாரிக்குக் குமிழ், பேரனுக்கு ஏழு பம்பரம். அவன் ஒன்றைத்தான் சுற்றுகிறான், மற்ற ஆறும் அவள் காலில் இடறுகின்றன.

உன்னிடம் மறைத்த ஒன்றும் உண்டு. தேக்கும் பலாவும் மாற்றி மாற்றி ஒட்டி ஒரு காய் நறுக்கும் பலகை செய்தேன், வளையாமலிருக்க அடியில் குறுக்கே சட்டம் வைத்துப் பசை போட்டு இறுக்கினேன். ஒட்டியது மழைக்காலம். சித்திரை வந்ததும் பலகை அகலவாட்டில் சுருங்கப் பார்த்தது, மரம் நீளவாட்டில் அசையவே அசையாதே, குறுக்குச் சட்டம் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் 'டப்'பென்று நடுவில் பிளந்தது. ஆசாரி மாமா இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

சரி, இப்போது நான் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. தண்டுத் துளைப்பான் வண்டு விழுந்த செடிகளை எனக்காக ஒன்றுகூட எடுத்து வைக்காதே. பட்டைக்குமேல் வளையம் வளையமாகத் தடித்திருந்தால், துளை தெரிந்தால், தயங்காமல் கொளுத்து. வண்டு வெளியே பறக்கிற மாதங்கள் இவை, குவித்துப் போட்டாலே பக்கத்துச் செடிக்குப் போய்விடும். என் உளிப்பிடி ஆசைக்கு உன் அராபிக்கா பலியாக வேண்டாம்.

சுத்தமானதாக ஒரு இருபது தண்டு போதும், கை மணிக்கட்டுத் தடிமன். குட்டையாக நறுக்காதே, முழ நீளமாவது இருக்கட்டும். வெட்டின முனைகளில் அன்றைக்கே மிச்ச பெயின்ட் எதையாவது பூசு, ஈரம் அந்த வழியாகத்தான் சீக்கிரம் ஓடும், முனை முந்திக் காய்ந்தால் வெடித்துவிடும். அப்புறம் நிழலில் அடுக்கு.

பொங்கலுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உன் தங்கச்சி வாந்தி எடுக்காமலிருந்தால் அவளும் வருவாள். கட்டை விஷயத்தை மட்டும் அவளிடம் இப்போதே உளறிவிடாதே.

உன்,
சோடாபுட்டி