அரையாண்டு விடுமுறையும் ஒன்பதாம் வகுப்பும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களைப் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கபடி, கோ கோ இரண்டு அணிகளும் நன்றாக ஆடின. அறிவியல் கண்காட்சிக்கு நிறையப் பேர் வந்திருந்தீர்கள், மகிழ்ச்சி. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாலைச் சிறப்பு வகுப்புகள் ஜனவரியிலும் தொடரும்.

அப்புறம், நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம் வேறு.

சென்ற மாதம் முன்னாள் மாணவர் சங்கம் வழக்கம்போல ஆண்டு நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பியது. உங்களில் பலர் இதே பள்ளியில் படித்தவர்கள் என்பதால் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். "ஃபீஸும் கட்டி நன்கொடையும் கொடுக்கணுமா?" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியதாகக் கேள்விப்பட்டேன். கேட்டதில் தப்பே இல்லை. பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

நம் கட்டணத்தை நாங்கள் நினைத்தபடி வைக்க முடியாது. 2009இல் வந்த தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழுதான் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகையை முடிவு செய்கிறது. வருகிற பணத்தில் பெரும்பங்கு ஆசிரியர்கள் சம்பளத்துக்குப் போகிறது. கரன்ட் பில், கட்டடப் பராமரிப்பு, வேன்களுக்கு எஃப்.சி. எல்லாம் பார்த்த பிறகு, கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளையைத் தாங்குவதற்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி, எல்.கே.ஜி.யில் 25 சதவீத இடம் வசதி குறைந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. அவர்களுடைய கட்டணத்தை அரசு தருகிறது. வந்து சேரத் தாமதமாகும், ஆனாலும் தருகிறது. எட்டாம் வகுப்போடு அது நின்றுவிடும். அந்தச் சட்டத்தின் எல்லை அவ்வளவுதான். பத்து வருடம் இங்கேயே வளர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது முழுக் கட்டணமும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

ஓர் ஏப்ரல் மாதம் ஓர் அம்மா டி.சி. கேட்டு வந்தார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விண்ணப்பத்தை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலாக மடித்து உள்ளங்கையில் பிடித்து வந்ததில் ஓரமெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. "பொண்ணு நல்லாத்தான் படிக்குது சார், எங்களாலதான் முடியல" என்றார். மகள் உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தாள். கணக்கு டீச்சர் அந்தப் பக்கம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் பெல்லைத் துப்பட்டாவால் துடைக்க ஆரம்பித்தாள். டீச்சர் தாண்டிப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. "திங்கட்கிழமை வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டுச் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை இங்கேயேதான் தொடர்ந்தாள்.

அரசுப் பள்ளியில் படிப்பு குறைவு என்று நான் சொல்லவரவில்லை. நானே அரசுப் பள்ளியில் படித்தவன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டே வருடம் இருக்கும்போது, பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை நண்பர்களையும் ஆசிரியர்களையும் விட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கை கொடுத்தால் பிளஸ் டூ வரை விடக்கூடாது. நாலு வருடம். சங்கம் ஒவ்வோர் ஆண்டும் கேட்பது இதற்காகத்தான். ஒருவர் மொத்தமாக 3 லட்சம் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் அடுத்த ஏப்ரலில் வரும் அம்மாவிடம் நான் என்ன சொல்வது? அதே 3 லட்சத்தை 300 பேர் ஆளுக்கு 1,000 ரூபாயாக, வருடா வருடம் கொடுத்தால், "பிளஸ் டூ வரைக்கும் கவலைப்படாதீங்க" என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஒருமுறை கொடுக்கும் பணத்தில் பொருள் வாங்கலாம். நம் மாடி வகுப்பில் இருக்கும் ஸ்மார்ட் போர்டு அப்படி வந்ததுதான். புரொஜெக்டர் பல்பு போய், மாற்றப் பணமில்லாமல், ரொம்ப நாள் அதன்மேல் பழைய திரைச்சீலையைப் போட்டு மூடியிருந்தோம்.

இனி இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி தங்கைக்கான அட்மிஷன் விண்ணப்பத்தோடு கவர் வைத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன், இனியும் அதையே செய்வேன். சேர்க்கைக்கும் நன்கொடைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சேர்க்கைக்காகப் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. பள்ளியின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் நேராக என்னிடம் வந்து சொல்லுங்கள்.

இன்னொன்று, "எந்தப் பிள்ளைகளுக்கு உதவி போகிறது, பட்டியல் போடுங்கள்" என்று அதே குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். போட மாட்டேன். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்க்கிறார், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வைக்கிறோம், நீங்களும் அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம். பிள்ளைகளின் பெயர் மட்டும் வெளியே வராது. நம் பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் இருப்பவன் யார் பணத்தில் படிக்கிறான் என்று நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. தயவுசெய்து வீட்டிலும் அதைப் பேசாதீர்கள்.

கடிதம் வந்தவர்கள் எல்லோரும் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுக்காததால் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் குறையாது. இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டு, வீட்டுக் கடனும் கட்டுகிறவர்கள் இருப்பது எனக்குத் தெரியும்.

கொடுக்க விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்புவது நல்லது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கிடைக்காது. பழைய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து தாராளமாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் நாம் வாங்க முடியாது. உங்கள் அண்ணனோ அக்காவோ அப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும்போது அவர்கள் மனம் சங்கடப்படுகிறது.

கடைசியாக, நன்றி. ஜூன் மாதம் புத்தகம் வழங்கும் நாளில் ஒருவர் வருவார். நம்மிடம் பத்தாவதோடு நின்றவர், டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். கிரீஸ் படாமல் இருக்கக் காகிதத்தில் சுற்றிய ஒரு 500 ரூபாய்த் தாளை அலுவலக மேசையில் வைத்து, ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அவருக்கும், சத்தமில்லாமல் இப்படிச் செய்துவரும் உங்கள் எல்லோருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால், விடுமுறை முடிந்ததும் எந்த வேலைநாளிலும் மாலை நாலு மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.

அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்