என்ஜின் ஐடிலுக்கு இறங்காத கோளாறு: தேவையில்லாமல் மாற்றிய பெடலுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
பத்துச் சக்கர லாரியின் உரிமையாளர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.
(பதிவு எண், சேசிஸ் எண், தொலைபேசி எண் இணைப்பு 1இல் உள்ளன)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
லாரி தயாரிப்பு நிறுவனத் தலைமை அலுவலகம்.

நகல்: மண்டல சர்வீஸ் மேலாளர்.

பொருள்: பி.எஸ்.6 லாரியில் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். (என்ஜின் சுற்று வேகம்) இறங்காதது – வயரிங் கோளாறுக்குப் பெடலை மாற்றியது – ஈ.சி.யூ.வையும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றச் சொன்னது – பணத்தைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா,

என் லாரியின் என்ஜின் ஐடிலில், அதாவது பெடலை மிதிக்காதபோது, 650 ஆர்.பி.எம். ஓட வேண்டியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் 1,100இலேயே நின்றுகொண்டிருந்தது. உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள், பெடல் அசெம்ப்ளியை மாற்றினார்கள், சாஃப்ட்வேர் அப்டேட் என்று தனியாக ஒரு வரி பில்லில் ஏற்றினார்கள். கோளாறு திரும்ப வந்ததும் ஈ.சி.யூ. போய்விட்டது என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். உண்மையில் கெட்டிருந்தது ஒரே ஒரு எர்த் வயர். வெளியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்து அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். அவர் வாங்கிய கூலி உங்கள் ஸ்கேனிங் கட்டணத்தைவிடக் குறைவு. இரண்டு பில்களையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் ஜாப் கார்டில் கண்டறிதல் என்ற கட்டத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ஆர்.பி.எம். இறங்கவில்லை. பெடல் மாற்றப்பட்டது. ஓகே." ஒரு வோல்ட் அளவுகூட அதில் இல்லை. எதை வைத்துப் பெடல் கெட்டது என்று முடிவு செய்தார்கள் என்று கேட்டால், எரர் கோடு அப்படிச் சொன்னது என்கிறார்கள். கோடு அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் என் புகார்.

ஸ்கேனரில் பதிவானவை எஸ்.பி.என். 91 எஃப்.எம்.ஐ. 2, எஸ்.பி.என். 91 எஃப்.எம்.ஐ. 3 (பிரிண்ட் அவுட் இணைப்பு 3). கனரக வாகனங்களுக்கான ஜே1939 முறைப்படி எஸ்.பி.என். எந்த சிக்னல் என்பதையும் எஃப்.எம்.ஐ. அதில் என்ன கோளாறு என்பதையும் சொல்லும் எண்கள். 91 என்பது ஆக்ஸிலேட்டர் பெடலின் இரண்டு சென்சார் தடங்களில் முதலாவதன் சிக்னல். எஃப்.எம்.ஐ. 2 என்றால் சிக்னல் தாறுமாறாக வருகிறது. எஃப்.எம்.ஐ. 3 என்றால் வோல்ட் இருக்க வேண்டியதைவிட மேலே போயிருக்கிறது. இரண்டுமே சிக்னலைப் பற்றிய செய்திகள். சென்சார், அதன் 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல் வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் சாக்கெட்), ஈ.சி.யூ. பின் இவற்றில் எங்கே கெட்டாலும் இதே கோடுதான் விழும். இன்னும் உற்றுப் பார்த்தால் கோடே பாதி வழி காட்டுகிறது. எர்த் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறும், எஃப்.எம்.ஐ. 3 வரும். சப்ளை வயர் அறுந்தால் சிக்னல் கீழே விழும், எஃப்.எம்.ஐ. 4 வரும். சிக்னல் வயரே அறுந்தால் எந்தப் பக்கம் போகும் என்பது ஈ.சி.யூ.வின் உள்ளமைப்பைப் பொறுத்தது. இங்கே 2உம் 3உம் மாறி மாறி வந்திருக்கின்றன, 4 ஒருமுறைகூட வரவில்லை. விட்டுவிட்டுத் தொடர்பு போகும் எர்த்தை முதலில் சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்து, டிரைவர் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறார் என்று உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்னதற்குப் பதில். அதே பிரிண்ட் அவுட்டில் கோடு விழுந்த நேரத்து அளவுகளும் இருக்கின்றன. முதல் தடம் 8 சதவீதம், இரண்டாவது தடம் 0. கால் பட்டால் இரண்டு தடமும் சேர்ந்துதான் ஏறும். ஒரு தடத்தை மட்டும் மிதிக்கிற கால் யாருக்கும் கிடையாது. டிரைவர் மீது சொன்ன அந்தப் பேச்சை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும்.

இந்த வண்டியின் பெடலில் ஆறு வயர்கள். இரண்டு தடம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 5 வோல்ட், எர்த், சிக்னல். பெடலை மிதிக்காமல் இருக்கும்போது முதல் தடம் 0.75 வோல்ட், இரண்டாவது அதில் சரிபாதி, 0.37 அல்லது 0.38. முழுக்க மிதித்தால் 3.9, 1.95. எந்த நிலையிலும் ஒன்று மற்றதற்குப் பாதியாக இருக்கிறதா என்று ஈ.சி.யூ. ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால் பெடலை நம்பாது. நடுரோட்டில் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஐடிலுக்குச் சற்று மேலே ஒரு நிலையான வேகத்தில் என்ஜினை வைத்துவிடும். என் லாரியில் அந்த வேகம் 1,100. அந்த நேரத்தில் பெடலை மிதித்தாலும் ஆர்.பி.எம். ஏறவில்லை, சாவியை அணைத்துப் போட்டால் ஒழுங்காக ஐடிலுக்கு வந்தது. இந்த இரண்டையும் வண்டி விடும்போதே சொல்லியிருந்தேன். பெடல் இறுகிக்கொண்டதாலோ பம்ப் கெட்டதாலோ ஆர்.பி.எம். இறங்காமல் போனால் இப்படி நடக்காது.

சரியாகப் பார்ப்பதற்கு ஸ்கேனர் திரையில் மூன்று எண்கள் போதும்: பெடல் சதவீதம், ஈ.சி.யூ. கேட்கும் ஆர்.பி.எம்., தெளிக்கும் டீசல் அளவு. கேட்கும் ஆர்.பி.எம்.மே 1,100 என்றால் ஈ.சி.யூ. வேண்டுமென்றே அப்படி ஓட்டுகிறது. அப்போது பெடல் சிக்னல், பி.டி.ஓ. சுவிட்ச் (என்ஜின் சக்தியை வேறு கருவிக்குத் திருப்புவது), டி.பி.எஃப். ரீஜென் (புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பது), குளிர் என்ஜின் என்று பொய் சொல்லும் கூலன்ட் சென்சார் இவற்றில் தேட வேண்டும். கேட்பது 650, ஓடுவது 1,100, டீசல் அளவு பூஜ்யம் என்றால் என்ஜினுக்கு வேறு எங்கிருந்தோ எரிபொருள் கிடைக்கிறது. டர்போ சீல் வழியாக ஆயில் இழுக்கிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் இழுத்தால் நீலப் புகை தள்ளும், சாவியை அணைத்தாலும் என்ஜின் நிற்காது. அது ஆபத்தான வேறு கோளாறு, காற்று வழியை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதையும் வெறும் கையால் செய்யக் கூடாது. என் வண்டியில் புகை இல்லை, சாவி அணைத்ததும் நின்றது, ரீஜென் விளக்கும் எரியவில்லை. உங்கள் ஃபிட்டர் இந்தத் திரையைத் திறந்ததற்கான பதிவே ஜாப் கார்டில் காணோம்.

கோளாறு எப்படிப் பிடிபட்டது என்பதை உங்கள் டெக்னிக்கல் பிரிவுக்காக விவரமாகவே எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் பெடல் கப்ளரைக் கழற்றாமல், சாவி ஆன் நிலையில், கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய புரோபை நுழைத்து அளந்தார். சப்ளை இரண்டிலும் 5 வோல்ட் சரியாக இருந்தது. மீட்டரின் கறுப்பு முனையை ஈ.சி.யூ. எர்த்திலும் சிவப்பு முனையைப் பெடலின் எர்த் பின்னிலும் வைத்தார். இரண்டாவது தடத்தின் எர்த்தில் சில மில்லி வோல்ட்தான். முதல் தடத்தின் எர்த்திலும் முதலில் அப்படியே காட்டியது. கேபினைத் தூக்கும்போது அது திரும்புகிற கீலுக்கு அடியில் வயரிங் கட்டைக் கையால் ஆட்டியதும் அது 0.3 வோல்டுக்குத் தாவியது, ஸ்கேனரில் முதல் தடம் 1 வோல்டுக்குப் போனது, என்ஜினை ஓட்டிப் பார்த்தபோது ஆர்.பி.எம். 1,100இல் நின்றது.

கணக்கும் ஒத்து வருகிறது. அந்தத் தடத்தில் ஓடுவது ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர். எர்த்தில் 30 ஓம் தடை சேர்ந்தால் 0.3 வோல்ட் அங்கேயே தங்கிவிடும். பெடலை விட்ட நிலையில் 0.75 வர வேண்டிய இடத்தில் 1.0 வரும். முழுக்க மிதித்தாலோ 3.9க்குப் பதில் 3.97தான். எர்த் கெட்டால் அடிப்பக்கம்தான் தூக்கும், உச்சியில் வித்தியாசமே தெரியாது. பெடலை முழுசாக மிதித்து, 100 சதவீதம் வருகிறது, வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஓம் அளவை மட்டும் நம்பியிருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கப்ளரைக் கழற்றி வயரை நேராக வைத்து அளந்தபோது ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டியது. கீலில் மடிகிற மாதிரி வளைத்ததும் 30ஐத் தாண்டியது. அதனால் கேபினை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை, வயரை ஆட்டிக்கொண்டே அளக்க வேண்டும். பலர் ஊசியால் வயரைக் குத்தி அளக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, அடுத்த மழைக்குள் அங்கேயே பச்சை பிடித்துவிடும்.

வயரை வெட்டியெடுத்த துண்டு என்னிடம் இருக்கிறது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்து, ஒரே இடத்தில் எல்லா இழைகளும் முறிந்து, முனைகள் பச்சைத் தூளோடு ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. காரணம் உங்கள் கம்பெனி போட்ட கிளிப். பெடல் கேபினில், ஈ.சி.யூ. என்ஜினில். இடையே வரும் வயரிங் கட்டை கீலுக்கு ஒட்டியே இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கேபினைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வயர் மடிகிறது. பெடலை மாற்றிய பிறகு கொஞ்ச காலம் வண்டி ஒழுங்காக ஓடியதற்கும் இதுவே விளக்கம். கேபினை ஏற்றி இறக்கியதில் முறிந்த முனைகள் ஒட்டிக்கொண்டன. உங்கள் ஆட்களுக்கு அது ரிப்பேர் ஆனது போலத் தெரிந்தது.

முறுக்கி டேப் சுற்றுகிற வேலை இதற்கு ஆகாது. மடியும் இடத்தைத் தாண்டிப் புதுத் துண்டு வயர் சேர்த்து, கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டிருக்கிறோம். இணைப்பு மடியும் இடத்தில் விழுந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும் என்பதால் இணைப்புகளைத் தள்ளி வைத்தோம். கிளிப்பை இடம் மாற்றி, கேபின் முழுக்க ஏறினாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டோம். அதன் பிறகு கோடு வரவில்லை. பழைய ஈ.சி.யூ.தான் ஓடுகிறது.

சும்மா ஆர்.பி.எம். கொஞ்சம் கூடுதலாக ஓடியது, அவ்வளவுதானே என்று உங்கள் கிளையில் பேசினார்கள். பெடல் முழுசாக விடப்பட்டிருக்கிறது என்று ஈ.சி.யூ. நம்பினால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் (புகைவழியை அடைத்து என்ஜின் மூலம் வேகத்தைக் குறைப்பது) விழும். கோளாறு வந்த நேரத்தில் அது விழவில்லை. தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்குகிற வண்டிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இல்லையென்றால் மொத்தச் சுமையும் சக்கர பிரேக்கின் மேல் போகும். டிரம் சூடேறினால் பிடிமானம் குறையும். டிராஃபிக்கில் முதல் கியரில் ஊர்ந்தாலும் என்ஜின் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கை அடிக்கடி மிதிப்பதில் ஏர் டேங்க் இறங்கும். அந்த நிலையில் "ஓகே" போட்டு வண்டியை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

லாரி வணிக வாகனம், நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று கிளை மேலாளர் சொன்னதையும் பதிவு செய்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)க்கான விளக்கத்தை அவர் படிக்க வேண்டும். சுயதொழில் மூலம் வாழ்க்கை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. என்னிடம் இருப்பது இந்த ஒரு லாரிதான்.

நான் கேட்பவை: பெடல் அசெம்ப்ளியின் விலை, அதை மாற்றிய கூலி, சாஃப்ட்வேர் அப்டேட் கட்டணம் மூன்றையும் திருப்பித் தர வேண்டும். ஸ்கேனிங் கட்டணத்தைக் கேட்கவில்லை, ஸ்கேன் செய்தது உண்மை. கழற்றிய பழைய பெடலை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் 5 வோல்ட் கொடுத்து மீட்டர் வைத்தால் அது நல்ல நிலையில் இருந்தது உங்கள் மேஜை மேலேயே தெரிந்துவிடும். ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்றால் யார் ஒப்புதலோடு போட்டீர்கள் என்று எழுத்தில் வேண்டும். கீலுக்கு ஒட்டிய அந்த கிளிப் இதே மாடல் லாரிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை இடம் மாற்றுவது பற்றி எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, அதன் நகலை எனக்கும் தர வேண்டும். வயர் மாற்றிய செலவையும் கம்பெனி ஏற்க வேண்டும், ஏனென்றால் அது தேய்மானம் அல்ல, கட்டிய விதத்தில் இருந்த குறை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் தேவை. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வெட்டியெடுத்த வயர் துண்டை அனுப்பவில்லை, புகைப்படம் மட்டும் இணைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் உங்கள் இன்ஜினியர் சங்ககிரிக்கு வரலாம், அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்
சங்ககிரி

இணைப்புகள்: 1. வாகன விவரம், ஆர்.சி. நகல். 2. ஜாப் கார்டு, சர்வீஸ் சென்டர் பில், ஈ.சி.யூ. எஸ்டிமேட். 3. ஸ்கேனர் பிரிண்ட் அவுட். 4. எலக்ட்ரீஷியன் பில், அவர் குறித்துக் கொடுத்த வோல்ட் அளவுகள். 5. வயர் துண்டு, கிளிப் இருந்த இடம் ஆகியவற்றின் புகைப்படங்கள்.