சளிக்கு ஆன்டிபயாடிக்: சீட்டில்லாமல் கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கத்தில் 22 வருடமாக மெடிக்கல் ஸ்டோர் நடத்தும் மருந்தாளுநர் நான். ஆனி, ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் கடைக்கு வருவார்கள். மருந்துச் சீட்டு இருக்காது. தீர்ந்துபோன பாட்டிலோ, போனில் எடுத்த படமோதான் இருக்கும். "அண்ணா, போன தடவை இதுதான் பிள்ளைக்குக் கேட்டது, இதையே தாங்க" என்பார்கள். பல வருடம் நானும் கொடுத்தேன். ஆறின வெந்நீரைப் பவுடர் பாட்டிலில் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, காலை 2.5 மில்லி, இரவு 2.5 மில்லி என்று எழுதியும் கொடுத்தேன். அது தவறு.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு ஒரு வயது ஆவதற்குள் ஐந்து பாட்டில் ஆன்டிபயாடிக் என் கையாலேயே போயிருக்கிறது, பெரும்பாலும் வெறும் மூக்கொழுகலுக்கு. சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதில் ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. இப்போது அவனுக்கு ஏழு வயது. மழைக்காற்று பட்டாலே ஆஸ்துமா இழுப்பு. பள்ளிப்பையில் இன்ஹேலர் இருக்கிறது, அதையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

என் மருந்தால்தான் இழுப்பு வந்தது என்று சொல்லிவிட முடியாது. இழுப்பு வரப்போகிற பிள்ளைக்குச் சின்னதிலேயே அடிக்கடி நெஞ்சுச்சளி வரும், அதனால் மருந்தும் கூடுதலாகப் போயிருக்கும். ஸ்வீடனில் ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சின்னதிலேயே ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கும் ஆஸ்துமாவுக்கும் இடையே தெரிந்த தொடர்பு மிகவும் குறைந்துவிட்டது. சரி. ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000 முதல் 2014 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது பாதிக்கு மேல் குறைந்தது. அதே காலத்தில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வருவதும் 26 சதவீதம் குறைந்தது. எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று உடம்பு பழகுவதே குடலில் குடியேறும் நல்ல கிருமிகளை வைத்துத்தான் என்கிறார்கள். அந்தக் கிருமிகளையும் சேர்த்தே நம் சிரப் கொல்கிறது. இது தெரிந்த பிறகு தேவையில்லாமல் எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

இப்போது தாய்மாரிடம் மூச்சை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த அளவை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிமோனியா என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும், டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் நான் எண்ணச் சொல்வதே இல்லை, நேராக டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிறார்களா என்று கடைகளில் திடீர் சோதனை நடத்தினார்கள். அப்புறம் எல்லையை ஒட்டிய கேரள ஊரான பாறசாலையிலிருந்து என் கடைக்கு வந்து சீட்டில்லாமல் மருந்து கேட்டவர்களும் உண்டு.

நான் மறுத்தால் சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், அங்கே வாங்கியும் விடுகிறார்கள். அடுத்த சாரலுக்கு முன்பு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் குமரி மாவட்டக் கடைகளின் பதிவேடுகளைத் திறந்து பார்க்க வேண்டும். என் கடையிலிருந்தே தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
மார்த்தாண்டம்.