பூ இருக்கிறது, பிஞ்சு எங்கே?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் பாதிப் பேச்சில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

உன் மாடித் தொட்டிப் பீர்க்கங்கொடியில் பூ பூத்து உதிர்கிறது, பிஞ்சே பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தாயே, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூ விடிகாலையில் விரிகிறது என்றும் சொன்னாய். அப்படியானால் அது நாம் துவையலுக்கு வாங்கும் வரிப்பீர்க்கு இல்லை. வரிப்பீர்க்கு சாயங்காலம்தான் மலரும். உன்னுடையது நுரைப்பீர்க்கு, காய் வரி எழும்பாமல் வழவழவென்று இருக்கும். விதைக் கடையில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். போகட்டும், பிஞ்சைக் கூட்டு வைக்கலாம், முற்றினால் தேய்த்துக் குளிக்க நல்ல நார் கிடைக்கும்.

பூ உதிர்கிறதே என்று கொடியைத் திட்டாதே. முதலில் கொத்துக் கொத்தாக வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூ தனியாக வரும், அடியில் விரல் நுனி அளவு பிஞ்சோடு. ஏழாவது மாடிக்குத் தேனீ எங்கே வரப்போகிறது? காலையிலேயே ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவு. பெண் பூ கூடுவதற்கு எத்ரல் என்கிற வளர்ச்சி ஊக்கி மருந்தை 250 பிபிஎம் அளவில் (பத்து லட்சம் பங்குக்கு 250 பங்கு) கரைத்து அடிக்கலாமே என்கிறார் அப்பா. தோட்டக்காரர்கள் செய்வதுதான், ஆனால் இரண்டு தொட்டிக்கு அதெல்லாம் எதற்கு?

பூத்து ஒரு வாரம் போல ஆனதும் பறித்துவிடு. நகம் சுலபமாக இறங்க வேண்டும். நறுக்கும்போது ஒரு சில்லை நாக்கில் வைத்துப் பார். கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப் போடு. வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது, வயிற்றைக் கெடுத்துவிடும்.

நாருக்கு முதலில் பிடித்த நல்ல காய் இரண்டைக் கொடியிலேயே விடு. பழுப்பேறி, எடை குறைந்து, ஆட்டினால் விதை கலகலக்கும்வரை தொடாதே. பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் கழன்று வரும். நுனியில் சின்ன மூடி மாதிரி இருக்கும், அதை எடுத்துவிட்டுத் தட்டினால் விதை கொட்டும். வழவழப்பு போகும்வரை அலசி வெயிலில் காயவை. ஒரு காலத்தில் ஜப்பானில் விளைந்த இந்த நாரை நீராவி எஞ்சினில் வடிகட்டியாகவே போட்டிருக்கிறார்கள், அவ்வளவு உறுதி. நீயோ இதே நாரை அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறவனிடம் காசு கொடுத்து வாங்குகிறாய்!

குளித்ததும் நாரைப் பிழிந்து காற்றாட மாட்டு. ஈரத்திலேயே கிடந்தால் கிருமி சேரும், வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடு. பேத்திக்குத் தேய்க்காதே, அவள் தோலுக்கு இது முரடு. பாத்திரம் கழுவுவது மாப்பிள்ளைதானே, அவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடு.

விதையை வீணாக்காதே. பொங்கலுக்கு வரும்போது ஒரு கைப்பிடி கொண்டு வா. தைப்பட்டத்தில் கிணற்றடி வேலியில் ஊன்றுகிறேன், பக்கத்து வீட்டு அத்தையும் கேட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா